பாரம்பரிய ரயில்வேயில் தன்னார்வலர்களைக் கொண்டு புதிய பாதை அமைப்பது எப்படி

புதிய பாதை போடும் நாளில் எல்லோருக்கும் சம்மட்டி பிடிக்கத்தான் ஆசை. அந்த ஆசை இயல்பானது. அதுதான் ஆட்களைத் தொலைவிலிருந்து விடியற்காலையில் கிளப்பிக்கொண்டு வருகிறது. ஆனால் ஒரு பாதை பத்து ஆண்டுகள் நிற்குமா, இரண்டாவது மழைக்காலத்திலேயே நெளியுமா என்பது தண்டவாளம் வந்து இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தண்டவாளம் பூட்டுவது மொத்த வேலையில் மிகக் குறுகிய பகுதி. அதற்கு முன்னால் உள்ள மண்வேலைக்கும் வடிகாலுக்கும், அதற்குப் பின்னால் உள்ள தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை இறுக்கிக் குத்தும் பேக்கிங்குக்கும்தான் நாட்கள் செலவாகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியிலும் அந்தப் பகுதிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒரு கேங்கை, அதாவது பாதை போடும் குழுவை, முதன்முறையாக நடத்தப்போகிறவரையும், அப்படிப்பட்ட கேங்கில் சேரப்போகிறவரையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

தொழில்முறை ரயில்வே ஊழியர் அல்லாதவர்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற ஐயத்திற்கு வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் பொறுப்பேற்று, 1951 மே 14 அன்று பயணிகள் ரயிலை ஓட்டினார்கள். தன்னார்வலர்களால் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்வே அதுதான். அதே வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியோக் ரயில்வேயின் பழைய பாதையில் ஒரு பகுதி, மின் நிலையத்திற்கான நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போனபோது, அதைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதிய பாதையை 1965 முதல் 1978 வரை பெரும்பாலும் தன்னார்வலர்களே மலைச்சரிவில் வெட்டி அமைத்தார்கள். பாதை போதிய உயரத்திற்கு ஏறுவதற்காகத் தன் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிச் செல்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1933இல் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்ட விஸ்காசெட் இரண்டடி ரயில்வேயின் (தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடி அகலம் உள்ளது) பழைய படுகையில், 1989இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் மீண்டும் பாதை போட்டு வருகிறார்கள். இவற்றில் ஃபெஸ்டினியோக் எடுத்துக்கொண்ட காலத்தைக் கவனியுங்கள்: பதின்மூன்று ஆண்டுகள். அவசரப்படாத கேங்குகளே பாதையை முடித்திருக்கின்றன.

மண்வெட்டி எடுப்பதற்கு முன்

நிலத்தின் உரிமை, ரயில்வே பாதுகாப்பு அதிகாரிகளின் அனுமதி, நிலத்தடியில் செல்லும் மின்கம்பிகள், குழாய்கள் பற்றிய விவரம் ஆகியவை எழுத்தில் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்பைத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் வரைந்து கையெழுத்திட வேண்டும். முடிந்த வேலையையும் தகுதியுள்ள ஒருவரே பார்த்து ஏற்க வேண்டும். ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் அது இந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது, ஏனென்றால் நாளை அந்தப் பாதையின் மேல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் போகப்போகிறது.

பொருள் கணக்கை 100 மீட்டர் அளவில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஸ்லீப்பர் கட்டைகளை 650 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்பதானால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 154 கட்டைகள் வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் பெரிய ஆணியான ஸ்பைக், கட்டைக்கு நான்கு என்றால் 616 ஸ்பைக்குகள். 10 மீட்டர் தண்டவாளங்களானால் 20 துண்டுகள், 20 இணைப்புகள், இணைப்புக்கு நான்கு வீதம் 80 போல்ட்டுகள். தண்டவாள இடைவெளி குறைந்த ஒரு குறுகிய பாதைக்கு ஜல்லிப் படுகை 2.4 மீட்டர் அகலமும் கால் மீட்டர் ஆழமும் என்று வைத்துக்கொண்டால் 60 கன மீட்டர் ஜல்லி, அதாவது ஏறக்குறைய 90 டன். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் பல குழுக்கள் திகைத்துப்போகின்றன. தண்டவாளத்திற்கு நிதி திரட்டிவிட்டு ஜல்லிக்குப் பணமில்லாமல் நிற்பது எளிதில் நேரக்கூடிய தவறு.

படுகையும் தண்ணீரும்

பழைய பாதையின் மேடு அப்படியே கிடக்கிறது என்பதற்காக அது பலமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பல பத்தாண்டுகளாகக் கைவிடப்பட்ட மேட்டில் மரங்கள் வேர்விட்டிருக்கும், விலங்குகள் வளை தோண்டியிருக்கும், பழைய மதகுகள் இடிந்து அடைத்துப்போயிருக்கும். மரத்தை வெட்டி அடிக்கட்டையை மட்டும் மண்ணால் மூடிவிட்டால், அந்தக் கட்டை உளுத்துப் போகும்போது அதே இடத்தில் பாதை உள்வாங்கும். வேரோடு பெயர்த்தெடுத்து, குழியைப் படிவம் படிவமாக நிரப்பி இடித்துக் கெட்டிப்படுத்துவதுதான் சரி. இலைமக்கும் கருமண்ணும் கலந்த மேல்மண் முழுவதையும் அகற்ற வேண்டும். அது செடிக்கு நல்லது, சக்கரத்துக்கு ஆகாது.

மண்ணை நிரப்பும்போது ஒரு படிவத்தை 150 முதல் 200 மில்லிமீட்டருக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வொரு படிவத்தையும் ரோலர் கொண்டோ இடிப்பான் கொண்டோ அழுத்திய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். அரை மீட்டர் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேற்பரப்பை மட்டும் உருட்டினால், மேலே கல்லைப் போல இருக்கும், உள்ளே பஞ்சாகவே இருக்கும். மேற்பரப்பு சமதளமாக இருக்கக் கூடாது. நடுவில் சற்று உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்கலாம், அல்லது ஒரே பக்கமாகச் சரிந்திருக்கலாம். 30க்கு 1 என்ற அளவிலான சரிவு இருந்தாலே தண்ணீர் தானாக ஓடிவிடும்.

பாதையைக் கெடுக்கும் பொருட்களில் முதலிடம் தண்ணீருக்குத்தான். படுகையில் தண்ணீர் தேங்கினால் மண் குழைகிறது. ரயில் போகும்போது கட்டை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் சேற்றை ஜல்லிக்குள் உறிஞ்சி மேலே தள்ளுகிறது. ஜல்லியின் இடுக்குகள் அடைபடுகின்றன. அடைபட்டதால் இன்னும் அதிகத் தண்ணீர் தேங்குகிறது. இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் தீராது, தோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். எனவே வெட்டுப் பகுதிகளில் பாதையின் இரு பக்கமும் படுகையை விடத் தாழ்வான வடிகால் ஓட வேண்டும், அந்த வடிகால் எங்காவது போய்ச் சேரவும் வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரின் வயலில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. களிமண் பகுதியில் படுகைக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிகட்டித் துணி விரிப்பது பலன் தரும்.

இந்தக் கட்டத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். படுகை தயாரான பிறகு ஒரு நல்ல மழை பெய்யும்வரை காத்திருங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு அதன் மேல் முழு நீளமும் நடந்து பாருங்கள். குதிகால் எங்கே புதைகிறதோ, எங்கே சிறு குட்டை மின்னுகிறதோ, அங்கெல்லாம் ஒரு குச்சியை நட்டு அடையாளம் செய்யுங்கள். அந்தக் குச்சிகள் நிற்கும் இடங்களைத் திருத்திவிட்டு மேலே போனால், பிற்காலத்தில் அதே இடத்தில் ஜாக்கி வைத்துப் பாதையைத் தூக்கிக்கொண்டிருக்கும் நிலை வராது.

ஜல்லியும் கட்டைகளும்

ஜல்லி உடைத்த கருங்கல்லாக, முனைகள் கூர்மையாக, 25 முதல் 50 மில்லிமீட்டர் அளவுள்ளதாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதில்லை, பாரம் விழும்போது உருண்டு நகர்ந்துவிடும். தூசியும் பொடியும் கலந்த ஜல்லியை லாரியிலிருந்து இறக்க விடாமலேயே திருப்பி அனுப்புங்கள். முதல் படிவமாகக் கட்டைக்கு அடியில் வரும் ஜல்லியில் ஒரு பகுதியை மட்டும் பரப்பி, சமன் செய்து, உருட்டிவிட்டால் போதும். மீதியைப் பாதை பூட்டிய பிறகு சரக்கு வண்டியிலேயே கொண்டுவந்து கொட்டலாம்.

மரக்கட்டையா, காங்கிரீட்டா, எஃகா என்பது நிதியையும் ஆள்பலத்தையும் பொறுத்தது. தன்னார்வலர்களுக்கு மரம் நன்றாக ஒத்துவரும், ஏனெனில் அதைக் கைக்கருவியாலேயே துளையிடலாம், திருத்தலாம், தவறாக அடித்த துளையை மர ஆப்பால் அடைத்து மறுபடி அடிக்கலாம். கிரியோசோட் பூசிய கட்டைகளைக் கையாளும்போது நீண்ட கைச்சட்டையும் கையுறையும் கட்டாயம். அந்த எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்புண் போல எரியும். கட்டையின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களைப் பார்த்து, மரத்தின் நடுப்பாகம் இருக்கும் பக்கம் கீழ்நோக்கி வருமாறு வைப்பது பழைய வழக்கம். அப்படி வைத்தால் வெடிப்புகள் மேல்நோக்கித் திறந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

இடைவெளிக்கு ஒவ்வொரு தடவையும் டேப் பிடிக்க வேண்டாம். நீண்ட பட்டைச் சட்டம் ஒன்றில் கட்டைகளின் மையப்புள்ளிகளை வண்ணத்தால் குறித்துக்கொண்டால், அதைத் தரையில் கிடத்தி இரண்டு பேர் மணிக்கணக்கில் பிழையில்லாமல் கட்டை வைத்துக்கொண்டே போகலாம். தண்டவாள இணைப்பு வரும் இடத்தில் மட்டும் இரு பக்கக் கட்டைகளையும் சற்று நெருக்கி வைக்க வேண்டும், ஏனெனில் பாதையின் பலவீனமான இடம் இணைப்புதான். ஒரு பக்கத்து முனைகள் நூல் பிடித்தாற்போல நேராக நிற்க வேண்டும். அது அழகுக்காக மட்டுமல்ல. பின்னால் தண்டவாளத்தை எங்கே வைப்பது என்பதை அந்த முனைகளிலிருந்துதான் அளக்கப்போகிறோம்.

தண்டவாளம் தூக்குதல்

மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள 10 மீட்டர் தண்டவாளம் 300 கிலோ. ரயில் டாங்ஸ் எனப்படும் இடுக்கிக் கொக்கிகள் ஐந்தில், கொக்கிக்கு இருவராகப் பத்துப் பேர் பிடித்தால் ஆளுக்கு 30 கிலோ வரும். ஆனால் ஒருவர் தடுக்கினாலோ பாதியில் விட்டாலோ அந்தப் பங்கு பக்கத்தில் இருப்பவர் மேல் கணப்பொழுதில் விழும். கிரேனோ தள்ளுவண்டியோ கிடைக்குமானால் அதைப் பயன்படுத்துங்கள். கையால்தான் தூக்க வேண்டுமென்றால் ஒரே குரல்தான் கட்டளையிட வேண்டும்.

அந்தக் காட்சியை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர் மறக்க மாட்டார். எல்லோரும் ஒரே திசை நோக்கிக் குனிந்து நிற்கிறார்கள், பேச்சு அடங்குகிறது. "தயாரா?" என்று கேங் தலைவர் கேட்கிறார். பத்துப் பேரும் வாய்விட்டு "தயார்" சொல்லும்வரை அவர் காத்திருக்கிறார். "தூக்கு" என்றதும் முதுகு நிமிர்ந்து முழங்கால்கள் விறைக்கின்றன. நீண்ட இரும்பு நடுவில் லேசாக வளைந்து, ஒரு கணம் துடித்து, அடங்குகிறது. அந்தத் துடிப்பு அடங்கிய பிறகுதான் "நட" என்ற சொல் வர வேண்டும். இறக்கும்போதும் இப்படியே. "விடு" என்ற சொல்லுக்கு முன் ஒருவரும் கையைத் தளர்த்தக் கூடாது. கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒருவருடைய காலோ விரலோ எந்த நிலையிலும் இருக்கக் கூடாது. இரும்பு முனை போட்ட காலணி இல்லாதவரை, அவர் எவ்வளவு மூத்த உறுப்பினராக இருந்தாலும், இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

முனைகளை இணைக்கும்போது விரிவுக்கான இடைவெளி விட வேண்டும். எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 மில்லிமீட்டர் நீள்கிறது. ஆகவே 10 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வேறுபாட்டில் 4.6 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த நாளில் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பூட்டினால் கோடையில் பாதை பக்கவாட்டில் பாம்பு போல நெளியும். வெயில் நாளில் அகலமாக விட்டால் குளிரில் போல்ட்டுகள் இழுபட்டு வளையும். வெப்பத்தைக் காற்றில் அளக்காதீர்கள், தண்டவாளத்தின் மேலேயே காந்த வெப்பமானியை ஒட்டி அளக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் இரும்பு காற்றை விட மிகவும் சூடாக இருக்கும். அன்றைய வெப்பத்திற்கு ஏற்ற தடிமனுள்ள தகட்டை இரு முனைகளுக்கும் நடுவில் செருகி, தண்டவாளத்தை அதன்மேல் முட்டவிட்டு, ஸ்பைக் அடித்து முடித்த பிறகு தகட்டை உருவிக்கொள்ளலாம்.

இரு தண்டவாள முனைகளைச் சேர்த்துப் பூட்டும் தகடான ஃபிஷ்பிளேட்டின் உட்பக்கத்தைத் துடைத்து கிரீஸ் தடவிப் பூட்டினால் தண்டவாளம் தடையின்றி நீண்டு சுருங்கும். போல்ட் துளைகள் நேராக வந்துவிட்டனவா என்று ஒருபோதும் விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. தண்டவாளம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் விரல் துண்டாகிவிடும். அதற்கென்றே கூர்முனைக் கம்பி இருக்கிறது. போல்ட் தலைகளை மாறி மாறி உள்ளும் வெளியுமாக வைத்தால், தடம் புரண்ட சக்கரம் ஒன்று எல்லா நட்டுகளையும் ஒரே வீச்சில் சீவிக்கொண்டு போக முடியாது. துளை போட வேண்டியிருந்தால் டிரில்லால் மட்டுமே போடுங்கள். எரிவாயுச் சுடரால் ஓட்டையிட்டால் அதன் விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கும்.

ஸ்பைக் அடித்தல்

இரண்டு தண்டவாளங்களையும் ஒரே சமயத்தில் ஆணியடிக்கக் கூடாது. கோட்டுத் தண்டவாளம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கட்டை முனைகளிலிருந்து அளந்து நேராக்கி முதலில் அடிக்க வேண்டும். அது முடிந்ததும் மற்றதை, கேஜ் எனப்படும் இடை அகலத்தை அளக்கும் அளவியால் அதற்குப் பொருத்தி அடிக்க வேண்டும். அகலப் பாதையானாலும் இரண்டடிப் பாதையானாலும் முறை இதுதான். கேஜ் கருவிதான் மாறுபடும். 1435 மில்லிமீட்டர் நிலைக் கேஜில் வேலை செய்து பழகியவர் இரண்டடிப் பாதைக்கு வரும்போது, வளைவுகளில் கேஜைச் சற்று அகலப்படுத்த வேண்டுமா என்று வடிவமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடினமரத்தில் முன்கூட்டியே துளையிட வேண்டும்; இல்லாவிட்டால் கட்டை பிளந்துவிடும். ஒரு கட்டையில் உள்ள நான்கு ஸ்பைக்குகளும் ஒரே மரநார்க் கோட்டில் வரக் கூடாது: இரு தண்டவாளங்களின் வெளி ஸ்பைக்குகள் கட்டையின் ஒரு விளிம்பை ஒட்டியும் உள் ஸ்பைக்குகள் மறு விளிம்பை ஒட்டியும் நிற்க வேண்டும். ஒருவர் கடப்பாரையால் கட்டையைத் தண்டவாளத்தின் அடிப்பாகத்தோடு ஒட்டித் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடிக்க வேண்டும். ஸ்பைக்கைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் முகம் தண்டவாளப் பாதத்தை ஒட்டியிருக்குமாறு இரண்டு மூன்று மெல்லிய தட்டல்களால் நிற்க வைத்துவிட்டு, பிறகுதான் முழு வீச்சு. சாய்ந்து இறங்கும் ஸ்பைக்கைப் பக்கவாட்டில் தட்டி நிமிர்த்தாதீர்கள். துளை பெரிதாகிப் பிடிமானம் போய்விடும். பிடுங்கி எடுத்து, ஆப்பு வைத்து, மறுபடி அடியுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். மரத்துக்குள் இறங்கும்வரை ஒவ்வோர் அடியும் மந்தமாக ஒலிக்கும். தலை தண்டவாளப் பாதத்தைத் தொட்டதும் ஒலி திடீரென்று மணிபோலத் தெளியும். அந்த மாற்றம் கேட்டதும் கையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி அடித்தாலும் தலை வளையும், அல்லது முறிந்து தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் அடிப்பவரின் பக்கத்தில் நிற்கவே கூடாது. சம்மட்டியின் முகம் காளான் போல விரிந்திருந்தால் அன்றைய வேலையிலிருந்து அதை விலக்கிவிடுங்கள். குறிதவறித் தண்டவாளத்தின் மேலேயே ஓர் அடி விழுந்தால், இரும்புச் சில்லு தோட்டாவைப் போலப் பறக்கும்.

வளைவுகள்

பெரிய ஆரம் உள்ள வளைவுகளில் தண்டவாளம் தானே வளைந்து கொடுக்கும். சிறிய ஆரங்களில் ஜிம் குரோ எனப்படும் திருகு வளைப்பானால் முன்கூட்டியே வளைத்துவிட வேண்டும். இல்லையேல் இணைப்புகள் நிமிர்ந்து முழங்கை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். வளைவு சீராக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 10 மீட்டர் நூலை வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் இரு முனைகளிலும் பிடித்து இழுத்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். வெர்சைன் எனப்படும் அந்த அளவு, 100 மீட்டர் ஆரத்துக்கு 125 மில்லிமீட்டரும் 250 மீட்டர் ஆரத்துக்கு 50 மில்லிமீட்டரும் வரும். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை நகர்ந்து நகர்ந்து அளந்து எழுதிக்கொண்டே போங்கள். எண்கள் ஒரே மாதிரி இருந்தால் வளைவு நன்றாக இருக்கிறது. 120, 131, 98 என்று குதித்தால் ரயிலில் இருப்பவர் அதை இடுப்பில் உணர்வார்.

உள் தண்டவாளம் வெளியதைவிடக் குறைந்த தூரம் போவதால் அதன் இணைப்பு முந்திக்கொண்டே போகும். இரண்டடிப் பாதையில் 100 மீட்டர் ஆர வளைவில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் முந்தும். இதை முன்கூட்டியே கணக்கிட்டு, இடையிடையே உள்பக்கத்துக்கென்று சற்றுக் குட்டையாக வெட்டிய துண்டுகளைத் தயாராக வைத்திருந்தால், வேலை நாளில் ரம்பத்தைத் தேடிக்கொண்டு இருபது பேர் காத்திருக்க வேண்டியதில்லை.

தூக்கி, மட்டம் பார்த்து, பேக்கிங்

பூட்டி முடித்த பாதை இன்னும் பாதை ஆகவில்லை. ஜல்லியைக் கொட்டி, ஜாக்கிகளை இரு பக்கமும் எதிரெதிராக வைத்து, குறித்த உயரத்துக்குச் சிறிது சிறிதாகத் தூக்கி, கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்கிக் குத்த வேண்டும். தூக்குவதற்கு வழிகாட்ட ஒருவர் சில பத்து மீட்டர் தள்ளி மண்டியிட்டு, கன்னம் தண்டவாளத்தைத் தொடுமளவு தலையைத் தாழ்த்தி, அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத ஒரு விரல் தடிமன் பள்ளம்கூட அந்த நிலையிலிருந்து பார்க்கும்போது குளம்போலத் தெரியும். அவர் கையை உயர்த்தினால் ஜாக்கியை ஒரு பல் ஏற்ற வேண்டும். உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும்.

பேக்கிங் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, எங்கே குத்துவது என்பதைவிட எங்கே குத்தக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் கீழே, அதன் இரு புறமும் சம தூரத்துக்கு, பீட்டர் எனும் குத்துக் கருவியாலோ அதிர்வுச் சுத்தியலாலோ உறுதியாகக் குத்த வேண்டும். கட்டையின் நடுப்பகுதியைத் தளர்வாக விட வேண்டும். நடுவில் இறுக்கிவிட்டால் கட்டை ஏற்றப்பலகை போல நடுவில் நின்று இரு பக்கமும் ஆடும், நாளடைவில் நடுவிலேயே முறியும். இருவர் ஒரே கட்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று ஒரே தாளத்தில் குத்தினால், கல் மறுபுறமாக நழுவி வெளியே ஓட இடமில்லாமல் அடியிலேயே இறுகும்.

மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து ரசமட்டம் பார்க்கும் வேலையை, அவசரப்படாத ஒருவரிடம் கொடுங்கள். நேர்ப்பாதையில் இரு தண்டவாளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வளைவில் வெளித் தண்டவாளம் வடிவமைப்பில் சொன்ன அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயர்வு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்க வேண்டும், ஏனென்றால் குறுகிய தூரத்திற்குள் குறுக்குமட்டம் மாறுவதான முறுக்குதான் மெதுவாகப் போகும் ரயிலைக்கூடத் தடம்புரளச் செய்கிறது. நிலைக் கேஜ் பாதையில் 3 மீட்டருக்குள் 15 மில்லிமீட்டர், அதாவது 200க்கு 1 என்ற அளவுக்கு முறுக்கு வந்துவிட்டால், அதை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. இறுதியாகக் கட்டை முனைகளுக்கு வெளியேயும் ஜல்லியை நிறைத்துத் தோள் கட்டுங்கள். வெயிலில் பாதை பக்கவாட்டில் நகராமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தோள்தான்.

ஆட்களை நடத்துவது

தன்னார்வலர்களின் உழைப்புக்குச் சம்பளம் இல்லை, ஆகையால் அவர்களுடைய நேரத்தை வீணாக்குவது கூலி ஆட்களின் நேரத்தை வீணாக்குவதைவிடப் பெரிய குற்றம் என்றே நான் கருதுகிறேன். காலையில் இருபது பேர் வந்து நிற்கும்போது போல்ட் பெட்டியின் சாவி வேறொருவர் வீட்டில் இருக்கக் கூடாது. முதல்நாள் மாலையே கருவிகளையும் பொருட்களையும் பாதை முனைக்குக் கொண்டுபோய் அடுக்கிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் கூடி நின்று பேச வேண்டும்: இன்று எங்கே வேலை, கட்டளை யாருடையது, வேலை வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும், முதலுதவிப் பெட்டி எங்கே, யாருக்கு முதுகுவலி. ரயில் ஓடும் பாதையோடு புதிய பாதை இணைந்திருந்தால், அந்தப் பகுதி மூடப்பட்டது என்ற எழுத்துப்பூர்வமான உறுதி கையில் வந்து, நிறுத்தப் பலகை வைத்த பிறகே எந்தக் கருவியும் தண்டவாளத்தைத் தொடலாம். வேலை வண்டி பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வரும்போது, ஓட்டுநரின் பார்வையில் படும்படி ஒருவர் முன்னால் நின்று சைகை காட்ட வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

தூக்க முடியாதவருக்கு வேலை இல்லை என்பது தவறான எண்ணம். கேஜ் பார்ப்பது, நூல் பிடிப்பது, கட்டை குறிப்பது, வெர்சைன் எழுதுவது, ஃபிஷ்பிளேட் துடைப்பது ஆகியவற்றுக்குப் பொறுமைதான் வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஒருவர் மடிப்பு நாற்காலியில் அமர்ந்து நாள் முழுதும் போல்ட் மரைகளைத் துடைத்து எண்ணெயிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு நட்டுகூட ஸ்பேனரோடு மல்லுக்கட்டவில்லை. புதிதாக வருபவரை நாள் முழுக்க ஒரே வேலையில் வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சம்மட்டியையும் அவர் கையில் ஒரு முறையேனும் கொடுங்கள். அவர் அதற்காகத்தான் வந்தார். கடைசி ஒரு மணி நேரத்தில் தண்டவாளம் தூக்கும் வேலையை வைக்காதீர்கள்; களைத்த கைகள்தான் நழுவுகின்றன.

மாலையில் எந்த நிலையில் விட்டுச் செல்கிறோம் என்பதற்கும் விதி வேண்டும். பாதை முனையில் தடுப்புக் கட்டை பூட்டப்பட வேண்டும். வண்டிகள் பிரேக் இட்டு, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, சங்கிலியிட்டு நிறுத்தப்பட வேண்டும். பாதி தூக்கிய பகுதியை ஜாக்கியின் மேல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பிறகு குறிப்பேட்டில் தேதி, தண்டவாள வெப்பம், விட்ட இடைவெளி, எத்தனையாவது கட்டைவரை முடிந்தது, எது பாக்கி என்று எழுத வேண்டும். அடுத்த மாதம் வேறு ஆட்கள் வந்து இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தொடங்குவார்கள்.

முதல் ரயிலுக்குப் பிறகு

புதிய பாதையில் முதலில் ஜல்லி ஏற்றிய வேலை வண்டியை நடைவேகத்தில் பலமுறை ஓட்டுங்கள். அதன் பாரத்தில் ஜல்லி இறுகிப் பாதை இங்கொன்றும் அங்கொன்றுமாக அமுங்கும். அதை எதிர்பார்த்தே இரண்டாவது, மூன்றாவது பேக்கிங்குக்கு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். வண்டி மேலே போகும்போது இணைப்புக்கு அருகில் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்த்தால், எந்தக் கட்டை மூழ்கி எழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். சுண்ணக்கட்டியால் அதில் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஃபிஷ்பிளேட் போல்ட்டுகள் அனைத்தையும் முதல் சில வாரங்களுக்குள் மறுபடி முடுக்க வேண்டும். பொறியாளர் ஏற்றுக்கொண்டு வேகத்தை எழுத்தில் கொடுக்கும்வரை பயணிகள் வண்டி அதன்மேல் ஏறக் கூடாது.

அதன் பின் வாரம் ஒருமுறை ஒருவர் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு முழு நீளமும் நடக்க வேண்டும். முதல் கடுங்கோடையின் பிற்பகலில் ஒருமுறை, முதல் கடுங்குளிரின் விடியலில் ஒருமுறை, எல்லா இணைப்பு இடைவெளிகளையும் அளந்து, பாதை போட்ட நாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த இணைப்பில் கோடையிலும் இடைவெளி மூடவில்லையோ, அதன் ஃபிஷ்பிளேட்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி பூட்ட வேண்டும்.